படுக்கையறை மிக்ஸிங்

நாமே பாடிப் பதிந்த பாட்டை வீட்டிலேயே மிக்ஸ் செய்வதில், கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் ருசி. குரல் எடுபடவில்லை என்றால் கை தானாகக் குரலின் ஃபேடரை ஏற்றப் போகும். கொஞ்சம் பொறுங்கள். கிட்டாரின் ஈக்யூவைத் திறந்து, 300 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள். குரலைத் தொடவே இல்லை, ஆனால் சொற்கள் துலங்கி முன்னே வந்து நிற்கும். தனியாகக் கேட்டால் அந்தக் கிட்டார் சோகை பிடித்த மாதிரிதான் ஒலிக்கும். அதை யார் தனியாகக் கேட்கப் போகிறார்கள்!

அறையும் ஏமாற்றும். சுவர் மூலையில் பாஸ் பொங்கி வழியும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். அதனால்தான் ஹெட்ஃபோன், கார், கைபேசி என்று ஒரே பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

மாஸ்டரிங்கில் லிமிட்டரை முறுக்கிச் சத்தத்தை ஏற்றும் ஆசை மட்டும் எனக்குப் புரிவதில்லை. ஸ்பாட்டிஃபை எப்படியும் அதை மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS) என்ற ஒலி அளவுக்கு இறக்கிவிடும். நசுங்கிய டிரம்ஸ்தான் மிச்சம்.

வீட்டுப் பதிவு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1982-இல் வந்த பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பமே அவருடைய நியூஜெர்சி வீட்டில் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிந்தது. குழுவோடு ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துப் பார்த்தும் அந்த உயிர் வரவில்லை, கேசட்டையே வெளியிட்டார்கள். உறைகூட இல்லாமல் அவர் ஜீன்ஸ் பையில் கிடந்த கேசட். அதை இசைத்தட்டாக்குவதற்குள் மாஸ்டரிங் பொறியாளர்கள் படாதபாடு பட்டார்கள்.