ஊற்றும் மரக்கலமும்

தென்னாப்பிரிக்காவின் தென்கரையில், மொசெல் பே என்னும் ஊரில் பார்த்தலோமியு டயஸ் பெயரால் அமைந்த அருங்காட்சியக வளாகத்துக்குச் செல்வோரின் கண்கள் முதலில் ஒரு மரக்கலத்தையே நாடும். 1901-இல் ஆலையாக எழுந்த கட்டடத்துக்குள் அது முழு உருவில் நிற்கிறது. டயஸின் கலத்தைப் போன்று போர்த்துக்கலில் கட்டப்பட்டு, 1987 நவம்பரில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்டு, 1988 பிப்ரவரி 3 அன்று இவ்விரிகுடாவை அடைந்த கலம் அது. சரியாக ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், புனித பிளேசியுவின் திருநாளன்று, டயஸ் இங்குக் கரையிறங்கினார். அப்புனிதரின் பெயரையே போர்த்துக்கீசியர் இந்நீர்த்துறைக்கு இட்டனர்.

கலத்தின் அழகைக் குறைகூற இடமில்லை. இத்துணைச் சிறிய தட்டின்மேல் நின்றா ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றினார்கள் என்ற வியப்பு எவருக்கும் எழும். ஆயினும் இக்கலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1988-இல் இது வந்தணைந்த கடற்கரை வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கலப்பினத்தார் என்று அந்நாளைய சட்டம் வகுத்த மக்கள் விழாவைப் புறக்கணித்தனர். டயஸை எதிர்கொண்ட கொய்கொய் மக்களாக வெள்ளையரே கறுப்பு வேடமிட்டு நின்றனர். வரவேற்க ஆளில்லாத வரவேற்பு! கலத்தைப் புரிந்துகொள்ள இச்செய்தி பாய்களின் அளவினும் இன்றியமையாதது.

வளாகத்தின் உண்மையான மையம் கலமன்று, வெளியே உள்ள நீரூற்றே என்பது என் துணிபு. கடலோடிகள் வந்தது இந்நீருக்காக. டயஸ் நீர் மொண்டபோது கொய்கொய் மக்கள் கல்லெறிந்தனர். அவர் குறுக்குவில்லால் ஒருவரைக் கொன்றார். இதைச் சொல்வது பகைவரின் ஏடன்று. வாஸ்கோ ட காமாவின் கப்பலில் எழுதப்பட்ட பயணக் குறிப்பே.

1497-இல் ட காமா வந்தபோது தொடக்கம் இனிதாகவே இருந்தது. கொய்கொய் மக்கள் குழலூதி ஆடினர். போர்த்துக்கீசியர் எக்காளம் முழங்கப் படகுகளில் ஆடினர், ட காமாவும் உடன் ஆடினார். பின்னர், "எங்கள் நீரை ஏன் எடுக்கிறீர்கள்?" என்ற பொருளில் முறையீடு எழுந்தது, பதிலாகப் பீரங்கி முழங்கியது. புறப்படுமுன் அவர்கள் கல்தூண் ஒன்றையும், கப்பலின் பின்பாய்மரத்தால் செய்த உயர்ந்த சிலுவை ஒன்றையும் நாட்டினர். பாய் விரிப்பதற்குள், பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இரண்டையும் வீழ்த்துவதைக் கப்பலிலிருந்தே கண்டனர். அம்மக்கள் அறிந்த சிலுவை, தம் நீரைக் கேளாமல் எடுத்தவர் நட்ட மரம் மட்டுமே. கிறிஸ்தவராகிய நாம் வருந்தத்தக்கது அதன் வீழ்ச்சியா, அது நடப்பட்ட விதமா?

பயணிகள் விரும்பி நிற்பது அஞ்சல் மரத்தடியில். 1501-இல் பேத்ரோ த அத்தாயித் என்ற மாலுமி, கள்ளிக்கோட்டையில் நேர்ந்த கலகத்தை எச்சரித்துக் காலணியொன்றில் மடல் வைத்துச் சென்றார் என்பதும், இந்தியா நோக்கி வந்த ஜொவாவ் ட நோவா அதைக் கண்டெடுத்தார் என்பதும் மரபு. இன்று அங்கே காலணி வடிவ அஞ்சற்பெட்டி; குழந்தைகள் மகிழ்ந்து மடல் இடுகின்றனர். நம் கரையின் துயரச் செய்தி இத்தொலைவில் மரத்தடியில் காத்திருந்தது என்பதை எண்ணுவோர் சிலரே.

செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ஊற்றருகே சற்று நில்லுங்கள், கலத்தைப் பிறகு பார்க்கலாம்.