சாலஞ்சரில் ஒரு தூண் அதிகம்

2006 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் டாட்ஜ் சாலஞ்சர், செவர்லே கமாரோ இரண்டின் கான்செப்ட் கார்களும் ஒரே கூரையின் கீழ் நின்றன. அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அன்றும் இன்றும் சாலஞ்சர் கட்சி. “எங்களுடையது புதிதாக வரைந்தது, உங்களுடையது வெறும் நகல்” என்பார்கள் கமாரோக்காரர்கள். நகல் என்றே இருக்கட்டும். எதை நகலெடுக்க வேண்டும் என்று தெரிந்த கை அது.

அந்த கான்செப்ட் சாலஞ்சரை வரைந்த மைக்கேல் காஸ்டிக்லியோனி 1970 சாலஞ்சரிலிருந்து எடுத்துக்கொண்டவை கொஞ்சம்தான். கறுப்பு கிரில்லுக்குள் ஆழப் பதிந்த நான்கு ஹெட்லைட்டுகள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும் டெயில் லாம்ப். முன்சக்கரத்திலிருந்து அலட்டிக்கொள்ளாமல் வந்து, பின்சக்கரத்தை நெருங்கியதும் சட்டென்று மேலேறும் அந்தத் தோள்கோடு. இவற்றோடு, பழைய காரில் இல்லாத ஒன்றையும் இல்லாதபடியே விட்டுவைத்தார். அதுதான் நடுத்தூண்.

1970 ஹார்ட்டாப்பின் அழகில் பாதி அந்த இன்மையில்தான் இருக்கிறது. கதவுக் கண்ணாடியையும் பக்கவாட்டுப் பின்கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்கண்ணாடியிலிருந்து கூரையின் பின்தூண்வரை ஒரே வெளி. நீண்ட பானட்டில் கிளம்பும் பார்வை எங்கும் இடறாமல் டிக்கிவரை போய்ச் சேரும். ஓர் ஆகஸ்ட் மாலை, டெட்ராய்டின் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுத்தபோது ‘ப்ளம் க்ரேஸி’ ஊதாவில் ஒரு 1970 சாலஞ்சர் மெல்லக் கடந்தது. நான்கு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. காருக்குள் புகுந்து வெளியேறிய என் பார்வையில் எதிர்ச்சாரிக் கூட்டம் முழுதாகத் தெரிந்தது. பின்னாலேயே அதே நிறத்தில் ஒரு புதிய சாலஞ்சர். கதவுக் கண்ணாடி மட்டும் இறங்கியிருந்தது. பின்கண்ணாடி இறங்காது. நடுவே தடித்த தூண்.

2008-இல் விற்பனைக்கு வந்த காரில் 6.1 லிட்டர் ஹெமி எஞ்சின் இருந்தது, 425 குதிரைத்திறன் இருந்தது, கான்செப்டின் முகமும் தோளும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. கூடவே தூணும் வந்துவிட்டது. பக்கவாட்டு மோதல், பாடியின் உறுதி, செலவு என்று நியாயம் சொல்வார்கள். ஆனால் அடுத்த ஆண்டே வந்த மெர்சிடீஸ் இ-கிளாஸ் கூபேயில் நடுத்தூண் கிடையாது. இத்தனைக்கும் மெர்சிடீஸின் டைம்லரும் டாட்ஜின் கிரைஸ்லரும் ஒன்றாக இருந்த காலத்தில் உருவான கார் சாலஞ்சர். பின் சஸ்பென்ஷனின் வடிவமைப்பு, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் எல்லாம் மெர்சிடீஸ் வழி வந்தவை. சம்பந்தம் முறிந்த வீட்டிலிருந்து பண்டபாத்திரம் வந்து சேர்ந்தது, ஜன்னலைத்தான் கேட்டு வாங்கவில்லை.

2005 மஸ்டாங்தான் இதற்கெல்லாம் வழிகாட்டி என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஃபோர்டின் வடிவமைப்புத் தலைவராக ஜே மேஸ் இருந்த காலத்தில் வந்த அந்த வடிவம் நல்ல வடிவம். ஆனால் மஸ்டாங் 1964-இலிருந்து ஒருநாளும் சாகவில்லை. இழந்த முகக்களையை மீட்டுக்கொண்டது, அவ்வளவுதான். சாலஞ்சர் 1974-இல் செத்தது. பிறகு மிட்சுபிஷி தயாரித்த ஒரு சிறு கூபேக்கு அந்தப் பெயரைச் சூட்டிய கொடுமையும் நடந்தது. அங்கிருந்து எழுந்து வந்த கார் இது. பெயரை மட்டும் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு, ஆஸ்திரேலிய ஹோல்டன் மொனாரோமீது போன்டியாக் ஜிடிஓ என்று பெயர் ஒட்டிய 2004 முயற்சியைப் பாருங்கள்: எஞ்சின் உயர்தரம், உடம்பில் பழைய ஜிடிஓவின் சாயலே இல்லை.

எழுந்து வந்ததை எப்படி வளர்த்தோம் என்பதுதான் வருத்தம். 2015 மாடலில் டெயில் லாம்பை 1971 மாடலைப் போல இரண்டாகப் பிளந்தார்கள். அந்த ஒற்றைச் சிவப்புப் பட்டை போனதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை, ஏனென்றால் அதே மாடலில் 707 குதிரைத்திறனோடு ஹெல்கேட் ரகம் வந்துவிட்டது. 2023-இல் டீமன் 170 வந்தபோது அது 1,025 ஆகியிருந்தது. இன்றைய ரசிகரிடம் சாலஞ்சர் என்றால் எண்களாகவே ஒப்பிப்பார். தோள்கோடு எங்கே ஏறுகிறது என்று கேட்டால் விழிப்பார். 2023 டிசம்பரோடு தயாரிப்பும் நின்றது. இப்போது டாட்ஜின் மின்சார சார்ஜர் டேடோனாவில் எக்ஸாஸ்ட் சத்தத்தையே செயற்கையாக உண்டாக்குகிறார்கள்.

இந்தப் பெயரை நாளை மறுபடி எடுக்கிறவர்கள் எஞ்சின் வைப்பார்களோ பேட்டரி வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. குதிரைத்திறனைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தப் பின்கண்ணாடியை இறக்கிக் காட்டட்டும்.