தீர்ப்பின் உரைநடை

நாவலின் உரைநடை பற்றி ஓயாமல் பேசுகிற நாம் தீர்ப்புகளை உரைநடையாக வாசிப்பதில்லை. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எழுதிய ஒன்றைச் சமீபத்தில் அப்படி வாசிக்க நேர்ந்தது.

சம்பவம் 1972 மார்ச்சில். மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையம், இரவு. புகார் எழுதி முடிந்ததும் அண்ணனையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, தாய் தந்தை இல்லாத ஒரு பழங்குடிக் கூலிப் பெண்ணை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்கிறார்கள். வயது 14க்கும் 16க்கும் இடையில் என்பது டாக்டரின் கணிப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். 1974இல் செஷன்ஸ் நீதிமன்றம் அவளைப் பொய்க்காரி என்று சொல்லி அவர்களை விடுவித்தது. 1976இல் நாகபுரியில் உயர் நீதிமன்றம் தண்டித்தது. பயந்து அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்றது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயக் குறி இல்லை. ஆகவே நடந்தது 'அமைதியான' காரியம், எதிர்த்தாள் என்பது பொய்.

யாருடைய அமைதி? சாத்திய கதவு, அணைந்த விளக்கு, வெளியே கூடி நிற்கும் ஜனம் எல்லாம் தீர்ப்பில் தகவலாக வருகின்றன. ஒன்றின் பாரமும் அந்த வாக்கியத்தின்மேல் விழவில்லை. மோசமான நாவலாசிரியன் செய்வதும் இதுதான். (நான் வேலை பார்க்கும் பாங்கில் கையெழுத்தில்லாத செக்கை, 'கணக்குக்காரர் ஆட்சேபிக்கவில்லையே' என்று பாஸ் செய்தால் என் வேலை போய்விடும்.)

1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிதல் வேறு, சம்மதம் வேறு என்று தீர்ப்பைப் பிரித்துப் போட்ட அந்தக் கடிதம் நல்ல விமர்சனம். தீர்ப்பு மாறவில்லை. 1983இல் சட்டம் மாறியது: போலீஸ் காவலில் உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால், நீதிமன்றம் அப்படியே அனுமானிக்க வேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. நீதிமன்றத்துக்கு வேண்டியது நேர்கோட்டுக் கதை. பயந்த சிறுமியின் ஞாபகம் முன்பின்னாக, நடுவில் விட்டுவிட்டு வருகிறது. நம்மவர் அப்படி எழுதினால் நனவோடை என்கிறோம். சாட்சிக் கூண்டில் அதற்கு முரண்பாடு என்று பெயர். சின்ன முரண்பாடுகளுக்காகச் சாட்சியத்தைத் தள்ளக்கூடாது என்று, பஞ்சாபில் 16 நிரம்பாத ஒரு பள்ளி மாணவியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல 1996 ஆயிற்று. 2012இல் வந்த போக்ஸோ சட்டப்படி எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையை நேரே கேட்கக்கூடாது. கேள்வியை நீதிபதியிடம் தர, அவர் கேட்க வேண்டும். அதட்டல் குறையும், சரி. ஆனால் கேள்வி? எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன, அதற்கப்புறம் என்ன?