முடிவறியாத் தொடர்களும் வரலாற்று நாடகமும்

தொலைக்காட்சியில் வரும் வரலாற்று நாடகங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடையையும் மாளிகையையும் புகழ்ந்து அமைந்துவிடுவர். கதைக்கோப்பைப் பற்றிக் கேட்பார் குறைவு. எத்தனை பகுதிகளில் முடியும் என்று எழுதும் ஆசிரியருக்கே தெரியாத தொடரில் வரலாறு என்ன பாடுபடுகிறது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

பிரிட்டனில் 2010 முதல் 2015 வரை ஒளிபரப்பான 'டௌன்டன் ஆபி'யை எடுத்துக்கொள்வோம். ஜூலியன் ஃபெலோஸ் எழுதியது. 6 தொகுதிகள், 52 பகுதிகள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கிய செய்தியோடு கதை தொடங்குகிறது. பிரபுவின் வாரிசு அதில் மாண்டதால், மாளிகையும் நிலமும் இனி யாரைச் சேரும் என்ற வினா எழுகிறது. முதல் தொகுதி 1914 ஆகஸ்டில், தோட்ட விருந்தின் நடுவே போர் மூண்ட செய்தி வருவதோடு நிற்கிறது. எவ்வளவு செறிவான அமைப்பு! அங்கே நிற்போர் எவருக்கும் தம்மை நோக்கி வருவது இன்னதென்று தெரியாது, நமக்குத் தெரியும். இவ்விடைவெளியே வரலாற்று நாடகத்தின் உயிர்.

பின்னர் நிகழ்ந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் 16 பகுதிகளில் ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எஞ்சிய 36 பகுதிகளுக்கோ 6 ஆண்டுகளே. காலம் நடப்பதை விட்டுத் தவழத் தொடங்குகிறது. அது தவழும்போது நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடித்து நிரப்பத்தானே வேண்டும்? கொலைப்பழி சுமந்து பேட்ஸ் சிறை செல்கிறான், விடுதலை பெறுகிறான், பின்பு வேறொரு கொலைக்காக அவன் மனைவி அன்னா சிறை செல்கிறாள். போரில் முதுகெலும்பு சிதைந்து, இனி நடக்கமாட்டான் எனப்பட்ட மேத்யூ, தட்டோடு தடுமாறிய பெண்ணைத் தாங்க ஒருநாள் எழுந்து நிற்கிறான்! முதல் உலகப் போர் முடமாக்கிய இளைஞர்களுள் ஒருவனைக் காட்டத் தொடங்கிவிட்டு, அவன் மணமகனாக வேண்டும் என்பதற்காக எழுப்பி நிறுத்தியது நகைப்புக்கு இடமானது மட்டுமன்று; அம்முடவர்களுக்குச் செய்த அநீதியுமாகும்.

அவனை எழுப்பியும் பயனில்லை. நடிகர்களின் ஒப்பந்தம் 3 ஆண்டுகளுக்கே. மூன்றாம் தொகுதியோடு, மேத்யூவாக நடித்த டேன் ஸ்டீவன்ஸ் விலகிக்கொண்டார். பணியாள் பாத்திரமாயின் வேறு வீட்டிற்கு வேலைக்குப் போய்விட்டான் எனலாம். வீட்டு மருமகன் போக இடமேது? ஆகவே 2012 கிறிஸ்துமஸ் நாளில் வந்த பகுதியில், மகன் பிறந்த அன்றே அவன் கார் விபத்தில் மடிகிறான். சொம் போர்க்களத்தில் சாகாதவன் கிராமத்துச் சாலையில் செத்தான். அச்சாவுக்குரிய காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது.

இவ்வளவும் கண்டபின், முடிவறியாமல் எழுதுவதே குற்றம் என்று தீர்ப்புக் கூற முனைந்தேன், இயலவில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய 'பொன்னியின் செல்வன்' நெடிதாய் வளர்ந்ததுதான். ஆயினும் உத்தம சோழன் முடிசூடிய வரலாற்றுச் செய்தி தூரத்தே நின்று கதையைத் தன்பால் இழுத்துக்கொண்டே இருந்தது.

பிரிட்டனிலேயே சான்று உண்டு. 1971 முதல் 1975 வரை 68 பகுதிகளாக வந்த 'அப்ஸ்டேர்ஸ், டௌன்ஸ்டேர்ஸ்' தொடரும் தொகுதி தொகுதியாக நீண்டதே. அதிலும் ஒரு நடிகை விலக விரும்பினார், ரேச்சல் கர்னி. அவர் நடித்த மார்ஜரி சீமாட்டியை டைட்டானிக்கில் ஏற்றிவிட்டார்கள். பணிப்பெண் மட்டும் எஜமானியின் நகைப்பெட்டியோடு திரும்பி வருகிறாள். வெளியிலிருந்து வந்த நெருக்கடியை அக்காலத்துச் சாவாகவே மாற்றிய திறம் இது. ஃபெலோஸ் தொடக்கத்திற்குக் கொண்ட அதே கப்பல்!

அத்தொடரில் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் தானே முழுமையான நாடகம். காலமும் தேங்குவதில்லை, 1903-இல் தொடங்கி 1930 வரை செல்கிறது. நான்காம் தொகுதி முழுவதும் போர்க்காலத்திற்கே உரியது. பணிப்பெண் ரோஸை மணக்கவிருந்தவன் அப்போரில் இறக்கிறான். அவன் விட்டுச்சென்ற பணம் அவளுக்கு வருகிறது. அதை வீட்டு மகன் ஜேம்ஸ் பங்குச் சந்தையில் இட, 1929 வீழ்ச்சியில் அது அவன் பணத்தோடு சேர்ந்து அழிகிறது. அவன் தற்கொலை செய்துகொள்கிறான். போரும் பொருளாதார வீழ்ச்சியும் ஓர் ஏழைப்பெண்ணின் கையிருப்பில் வந்து சந்திக்கின்றன. இது முன்பே திட்டமிட்டதோ அன்றோ, காலத்தை விட்டுக்கொடாமல் எழுதியதன் பயன் எனலாம்.

டௌன்டன் கதை 1926 புத்தாண்டோடு நின்றபின்னும் 2019, 2022, 2025 ஆண்டுகளில் 3 திரைப்படங்களாக நீண்டது. ஈட்டன் பிளேஸ் வீடோ விலைக்குப் போயிற்று. இறுதிப் பகுதியில் ரோஸ் வெறுமையான அறைகளினூடே நடக்கிறாள், பழைய குரல்கள் அவள் காதில் ஒலிக்கின்றன, பின்னர் வெளியேறுகிறாள்.