பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

‘மாதொருபாகன்’ படித்தவர்களிடம் அதன் பிள்ளையில்லாத நாயகி பொன்னாவின் வயதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கல்யாணமாகி எத்தனை ஆண்டு என்று கேட்டால் உடனே பதில் வரும்: பன்னிரண்டு. வாசக நினைவு இப்படிப் பதிவதற்கு நாவலின் கால அளவையே காரணம். திருச்செங்கோட்டுச் சீமையில் பிள்ளைப்பேறு பிந்திவிட்டதா என்று பிறந்த தேதியிலிருந்து யாரும் எண்ணுவதில்லை. முகூர்த்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஊர் குறித்த காலம் கடந்த பிறகு ஒரு தம்பதி குழந்தை பற்றி எப்படி முடிவெடுக்கிறது என்ற கேள்வியை இந்த வட்டாரத்தில் எழுப்புகிறவர் பெருமாள்முருகனின் இந்த 2010ஆம் ஆண்டு நாவலை நிறுத்துப் பார்க்காமல் நகர முடியாது.

நாவலைச் சூழ்ந்த வழக்கை முதலில் ஒதுக்கி வைப்போம். 2015 ஜனவரியில், எதிர்ப்புக்கிடையே, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான கோரிக்கைகளை நிராகரித்ததும் எழுத்துரிமையின் வரலாறு. வழக்கில் வென்றதற்காக மதிப்பைக் கூட்டுவதும், ஊரைப் புண்படுத்தியதாகச் சொல்லப்பட்டதற்காகக் குறைப்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இங்கே அளவுகோல் ஒன்றுதான்: முடிவெடுத்தல் என்னும் அகநிகழ்வுக்கு இந்த நாவல் வடிவம் தந்திருக்கிறதா?

முதல் சாதனை, பூவரசு. மாமனார் வீட்டுக்கு வரும் பொன்னாவின் கணவன் காளி, தான் கல்யாணமான புதிதில் நட்ட மரத்தின் நிழலில் படுத்து அண்ணாந்து பார்க்கிறான். அது கிளை பரப்பிப் பறவைகளுக்கு இடம் தந்து நிற்கிறது. ஆசிரியர் அதைக் குறியீடு என்று அறிவிப்பதில்லை. கட்டில் போட நிழல் தரும் மரமாகவே விட்டுவிடுகிறார். ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று அடிமரத்தின் பருமன் சொல்லிவிடுகிறது. பொருளைப் பொருளாக வைத்தே காலத்தை அளக்கும் இந்த முறை, நாவல் நெடுகிலும் குலையாத ஒழுங்கு.

இரண்டாவது, அழுத்தத்தின் இயக்கத்தை அவர் பிரித்துக் காட்டும் விதம். பிள்ளை இல்லாத துக்கம் தமிழ்ப் புனைகதைக்குப் புதிதன்று. அந்தத் துக்கம் எங்கெல்லாம் உற்பத்தியாகிறது என்று தடம் பிடித்தது புதிது. காட்டுக்கு வாரிசு யார் என்று பங்காளிகள் பார்க்கும் பார்வையில், இரண்டாம் கல்யாணப் பேச்சில், மலையுச்சி விளிம்பில் உயிரைப் பணயம் வைத்து வறடிக்கல்லைச் சுற்றும் வேண்டுதலில் அது உருவாகிறது. மாட்டுத் தரகர் ஒருவர் சினை பிடிக்காத மாட்டை மாற்றிவிடச் சொல்கிறார். பேச்சு மாட்டைப் பற்றியதுதானா என்று காளிக்கு ஐயம் வருகிறது. அந்த ஐயத்தை வாசகருக்கும் கடத்திவிட்டு உரையாடல் முடிகிறது. ஒரு வாக்கியம் எப்படி வன்முறையாகும் என்பதற்கு இதைவிடச் சிக்கனமான சான்று அரிது.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியின் கட்டுமானம் அடுக்குமுறை சார்ந்தது. ஒரு வேண்டுதல், ஒரு அவமானம், இன்னொரு வேண்டுதல் என்று நிகழ்ச்சிகள் வரிசையில் வருகின்றன. தனித்தனியே செறிவானவை, சேர்ந்தபோது பாரம் ஏறுகிறதே தவிர, இருவரின் நிலைப்பாடு நகர்வதில்லை. இதைவிடப் பெரிய குறை குரல் பங்கீட்டில் இருக்கிறது. பிள்ளையில்லாத வாழ்வுக்கும் மதிப்புண்டு என்று வாதிட நல்லுப்பையன் சித்தப்பா இருக்கிறார். நாவலின் மிக உயிருள்ள துணைப்பாத்திரம் அவர். ஆனால் அவருடைய சிந்தனை காளியின் காதில்தான் விழுகிறது. பொன்னாவுக்கு அப்படி ஒரு சித்தியோ தோழியோ இல்லை. ‘வேண்டாம்’ என்பது ஆணுக்கு மட்டும் யோசிக்கக் கிடைக்கும் சொல்லாக நின்றுவிடுகிறது. அக்காலச் சமூகம் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லலாம். சமூகம் மறுத்த குரலைப் பாத்திரத்தின் மனத்துக்குள்ளாவது கேட்கவைப்பது புனைவின் கடமை என்பேன்.

மையத்துக்கு வருவோம். பிள்ளையில்லாத பெண் அன்றிரவு முன்பின் அறியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்று நாவலின் ஊர் ஏற்கும் பதினாலாம் நாள் திருவிழாவுக்குப் போவாயா என்று காளி கேட்கிறான். நீ சொன்னால் போகிறேன் என்கிறாள் பொன்னா. இருவருக்கும் அந்தப் பதில் வெவ்வேறு பொருள் தருகிறது. அவளுக்கு அது அன்பு. அவனுக்கு அது பிளவு. அதற்குப் பிறகு உண்மையான பேச்சு நடக்கவேயில்லை. காளி சம்மதித்துவிட்டான் என்று அவளுடைய அண்ணன் முத்து பொய் சொல்கிறான். காளியைக் குடிக்க அழைத்துப் போகிறான். அவள் திருவிழாவுக்குப் போகிறாள். பலரும் இந்த உச்சத்தைச் சடங்கின் சர்ச்சையாகப் படித்தார்கள். அதன் கூர்மை சம்மதத்தில் இருக்கிறது. இரு வீட்டாரும் நல்லதுக்கென்றே கூடி, இருவர் எடுக்க வேண்டிய முடிவைக் கள்ளக் கையெழுத்தாகப் போட்டுவிடுகிறார்கள். ஒருவரையும் கொடியவராக்காமல் இதைச் செய்து காட்டியதே நாவலின் உச்ச சாதனை.

2014இல் வந்த இரு தொடர்ச்சிகளும் இந்த இடத்திலிருந்து பிரிகின்றன. ‘ஆலவாயன்’ காளியை இறக்கவிட்டுக் கருவுற்ற பொன்னாவைத் தனித்து நிறுத்துகிறது. ‘அர்த்தநாரி’ அவனைப் பிழைக்கவைத்து மௌனத்தைத் தண்டனையாக்குகிறது. முதல் நாவலின் திறந்த முடிவை இவை மூடிவிடுகின்றன என்பது நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் ஒரே விளைவுக்கு இரண்டு வாழ்க்கைகளை எழுதிப் பார்த்ததால், முடிவின் பாரத்தை இறுதியில் யார் சுமக்கிறார் என்பது ஐயமறத் தெரிகிறது. இரண்டிலும் அவள்தான்.

முகூர்த்த நாளிலிருந்து எண்ணும் அந்தக் கணக்கு இன்றும் செல்லுமா? போன ஆடிப் பதினெட்டில் ஜேடர்பாளையம் படுகை அணையருகே படித்துறையில் நின்றிருந்தேன். காவிரியில் தலை முழுகிக் கரையேறிய ஒரு பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தவரிடம் பக்கத்திலிருந்த முதியவர், “விசேசம் எதும் இல்லியா, அம்மிணி?” என்றார். “இல்லீங்க ஆத்தா.” அடுத்த கேள்வி, “கண்ணாலமாயி எத்தன வருசமாச்சு?” வயதைக் கேட்கவில்லை. அக்கறையோடுதான் கேட்டார். அதனால்தான் அந்தப் பெண்ணால் கோபப்படவும் முடியவில்லை. ஈரக் கயிற்றின் முடிச்சை இரண்டாம் முறை அவிழ்த்துப் போட்டுக்கொண்டார்.

இங்கிருந்து ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ போனால் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. அங்கே எண்ணுவது வேறு கணக்கு. முப்பத்தைந்தைத் தாண்டினால் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும் என்பது மருத்துவம். 2019 செப்டம்பரில் குண்டூரில் 74 வயதுப் பெண்ணொருவர் இரட்டையரைப் பெற்ற நாட்டில், 2021ஆம் ஆண்டுச் சட்டம் செயற்கைக் கருத்தரிப்புக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று எல்லை கட்டியது. பிறக்கும் பிள்ளையை வளர்க்கப் பெற்றோர் இருக்க வேண்டும் என்ற நியாயம் அதில் உண்டு. சம்பந்தப்பட்டவர்களின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலையும் அது கட்டாயமாக்கியது. முத்துவின் பொய்க்கு அங்கே இடமில்லை. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் பன்னிரண்டு ஆண்டாகப் படித்துறையில் கேட்கப்பட்ட கேள்விகளைச் சட்டத்தால் அளக்க முடியாது. அவற்றை அளந்தது நாவல்தான்.

தீர்ப்பாகச் சொன்னால்: ஒரு தம்பதியிடமிருந்து முடிவு பறிபோகும் விதத்தை எழுதியதில் ‘மாதொருபாகன்’ தமிழின் முதல் வரிசைப் படைப்பு. நடுப்பகுதியின் தளர்ச்சி அந்த இடத்தைக் குலைக்காது. முடிவெடுப்பதை எழுதியதா என்றால், பாதிதான். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு பெண் தானே எண்ணிப் பார்த்துச் சொல்லும் நாவலை இந்த வட்டாரம் இனித்தான் எழுத வேண்டும். அதை எழுதுகிறவர் படித்துறையில் முடிச்சை மீண்டும் அவிழ்த்த அந்தக் கையிலிருந்து தொடங்கலாம்.