தேர்வுக்கு எந்த நாடகம்?

நாடகப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வில் எந்தப் பகுதியை நடித்துக் காட்டுவது என்பது மாணவனின் சொந்தக் கவலையாக விடப்பட்டிருக்கிறது. விமர்சனம் இதில் தலையிடுவதில்லை. தலையிட வேண்டும் என்பது என் கட்சி. அச்சான நாடகம் மேடைக்கு ஆகுமா என்ற கேள்வி தமிழில் உண்மையாகப் பரீட்சிக்கப்படுவது அந்தச் சில நிமிஷங்களில்தான்.

சேத்தூர்ப் பக்கமிருந்து தில்லி தேசிய நாடகப் பள்ளிக்கோ புதுச்சேரிக்கோ போக ஆசைப்படுகிறவர்கள் எப்போதாவது என்னிடம் வருகிறார்கள். கையோடு கொண்டுவருவது கட்டபொம்மன் வசனம், இல்லாவிட்டால் பராசக்தியின் கோர்ட் காட்சி. 1952இலும் 1959இலும் படங்கள் வந்த பிறகு அந்த வாக்கியங்களுக்குச் சொந்தக்காரர் சிவாஜி கணேசன். மூச்சு எங்கே நிற்கும், எந்த அசையில் குரல் ஏறும் என்பதெல்லாம் முடிவாகிப்போன விஷயம். பையன் நடிப்பதில்லை, ஞாபகப்படுத்துகிறான்.

தமிழாசிரியர்கள் மனோன்மணீயத்தைச் சொல்லி அனுப்புகிறார்கள். லிட்டன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி 1891இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட நூல் அது. வாசிப்பவனை மனதில் வைத்த நாடகம். பாத்திரம் தன் மனநிலையைத் தானே வர்ணித்துவிடுகிறது. உடம்புக்கு வேலை மிச்சமில்லை.

நவீன நாடகத்துக்கு வருவோம். ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ முக்கியமான பிரதி. ஆனால் தேர்வுக்கு உதவாது. அதன் அர்த்தம் குரல்களுக்கு இடையில் இருக்கிறது. ஒரு குரலை மட்டும் பிரித்தெடுத்தால் வெறும் வாக்கியம்தான் மிஞ்சும். இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ பிரித்தெடுக்கச் சுலபமானது. அந்தச் சுலபமே ஆபத்து. கருத்துகளின் கூர்மையில் நடிகன் ஒளிந்துகொள்ளலாம். நான் சிபாரிசு செய்வது அதில் ஷாஜஹான் கறுப்புப் பளிங்கு மஹாலைப் பற்றிப் பேசும் இடங்களை. கிழவனுக்கு அங்கே ஒன்று வேண்டியிருக்கிறது, கிடைக்கப்போவதில்லை.

இதிலிருந்து என் அளவுகோல் விளங்கும். பேசுகிறவன் யாரிடம் பேசுகிறான்? அவனிடமிருந்து எதைப் பெறப் பார்க்கிறான்? கடைசி வரி வரும்போது முதல் வரியில் இருந்த ஆள்தானா அவன்? மூன்றுக்கும் பிரதியிலேயே பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய எழுத்தானாலும் தள்ள வேண்டியதுதான்.

நான்காவது கேள்வி ஒன்று உண்டு: இந்த வாய்க்கு இந்தத் தமிழ் பொருந்துமா? கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறியது. கலை என்ற அளவில் அதைப் பற்றி எனக்குச் சந்தேகங்கள் உண்டு. பிரச்சினை பாத்திரங்களை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனாலும் அத்திப்பட்டி ஜனங்களின் பேச்சு எங்களுக்குக் கிழக்கே இருக்கும் கரிசலின் பேச்சு. சேத்தூர்ப் பெண்ணொருத்தி அதை எடுத்தால் நாக்கைத் திருத்திக்கொள்ளும் வேலை இல்லை. நடிக்க மட்டும் செய்யலாம்.

இதைவிட நெருக்கமானது வள்ளி திருமணம். கோயில் கொடைகளில் விடிய விடியப் பார்த்ததுதான். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தனித்தனியாக அமர்த்தப்பட்டு, ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்திக்கிறார்கள். தினைப்புனத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தில் எதிராளி என்ன கேட்பான் என்பது நிச்சயமில்லை. ஆகவே கேட்டே தீர வேண்டும். கேட்பதுதான் நடிப்பின் பாதி. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தன் நாடகப் பள்ளிக்கு வைத்திருக்கிறது. அங்கே தேர்வுக்குப் போகிறவர்களோ அவருடைய புத்தகத்தைப் பிரிப்பதற்கே கூச்சப்படுகிறார்கள்.

கூச்சம் எதனால் என்பது தெரிந்ததுதான். ஊர்ப்பேச்சைக் கேட்டால் மார்க் குறையும் என்ற பயம். குறையலாம். ஆனால் இரவல் குரலில் தேறியவனுக்குப் பள்ளிக்கூடம் முதலில் செய்ய வேண்டியது அந்தக் குரலைக் கழற்றுவது. சிலருக்கு அது கழல்வதே இல்லை.