துருவ வந்த விருந்தினர்: அருணாசல புராணத்தில் வல்லாளன் கதை

விருந்தினராக வருபவரே வீட்டாரின் உள்ளத்தைத் துருவிப் பார்க்கவும் வந்திருந்தால் என்ன நிகழும்? சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தின் வல்லாள மகாராசன் சருக்கம் இவ்வினாவின்மேல் எழுந்ததாகும்.

இரப்போர்க்கு இல்லையென்னாத திருவண்ணாமலை வேந்தனிடம் சிவபெருமான் சங்கமர் வேடத்தில் வருகிறார். கணிகை ஒருத்தி வேண்டுமென்கிறார், அரசன் வாக்களிக்கிறான். நகரின் கணிகையர் எவரும் கிடைக்காதபடி முன்னரே ஏற்பாடு செய்தவரும் அவரே. வாக்கைக் காக்க இளைய அரசி சல்லமாதேவி செல்கிறாள். அவள் நெருங்கியதும் துறவி குழந்தையாகிவிடுகிறார்.

வந்தவர் யாரென்பது நமக்குத் தெரியும், அரசனுக்குத் தெரியாது. ஆகவே நம் கவனம் வேடத்தின்மேல் நில்லாமல் அரசன் நெஞ்சின்மேல் செல்கிறது. ஆயினும் வாக்களித்தவன் ஒருவன். விலை தர நேர்ந்தவள் வேறொருத்தி. துறவி குழந்தையாக மாறியிராவிடில் அரசனின் கொடை கொடுமையாகவே முடிந்திருக்கும். துருவ வந்தவரும் கட்டுண்டே மீள்கிறார்: பிள்ளையில்லாத வல்லாளனுக்கு மகனாக நின்று, ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

பிறர் மறைவைத் துருவுவதைத் திருக்குர்ஆன் (49:12) விலக்குகிறது. அனைத்தும் அறிந்த இறைவனின் சோதனையோ, தான் அறிவதற்கன்று. அடியானின் தரம் வெளிப்படுவதற்கே. சமயக் கொள்கையில் வேறுபட்டாலும், சோதனையைப் பற்றிய இக்கருத்தை நம் வாசகர் இக்கதையிலும் இனங்காண்பர்.

வல்லாளன் வெறும் கற்பனை மாந்தன் அல்லன். திருவண்ணாமலையில் வீற்றிருந்து ஆண்ட போசள மன்னன் மூன்றாம் வல்லாளனே அவன். 1343-ஆம் ஆண்டளவில், முதுமையில், மதுரை சுல்தான் கியாதுத்தீன் தம்கானியிடம் சிறைப்பட்டான். விடுவிப்பதாகக் கூறி அவன் செல்வத்தையும் யானை, குதிரைகளையும் பெற்றுக்கொண்ட பின்னர் சுல்தான் அவனைக் கொன்றதாகவும், வைக்கோல் திணித்த அவன் தோல் மதுரை மதிலில் தொங்கியதைத் தாம் கண்டதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார். சுல்தான் அவருடைய மனைவியின் சகோதரியை மணந்தவர். அந்த உறவுக்காக அவர் உண்மையை மறைக்கவில்லை.

முன்பின் அறியாத விருந்தினர்க்கும் வாக்குத் தவறாத வல்லாளனைப் புராணம் பாடுகிறது. அவனுக்கே அளிக்கப்பட்ட வாக்கு முறிந்ததைப் பயண நூல் பதிவு செய்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் நேர்மை நமக்கு வேண்டும்.